ராஷி எங்கே போனார்?

பழைய எபிரேயச் சமய நூல்களை ஸ்கேன் செய்து, பணம் கட்டியவருக்கு மட்டும் ஒரு பிரதி அச்சிட்டு அனுப்பும் ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ மறுபதிப்பு ஒன்றை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டதைப் போன மாதம் எழுதியிருந்தேன். துணைக்கு இத்தனை பேர் இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

கேள்வி: யூதச் சமயச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தின் ‘பெராகோத்’ பகுதியை வாங்கினேன். ‘முழு அளவு வில்னா பதிப்பு’ என்று விளம்பரம். வந்தது ஒன்பது அங்குலப் புத்தகம். நடுவிலுள்ள மூலம் தெரிகிறது. சுற்றியுள்ள உரைகள் எறும்பு வரிசை போல இருக்கின்றன. உள் ஓரத்து வரிகள் பைண்டிங்குக்குள் போய்விட்டன. பணம் திரும்பக் கிடைக்குமா?
— இறையியல் மாணவர், பெங்களூரு

பதில்: உள்ளே போனவர் யார் தெரியுமா? ராஷி! 11ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் இருந்துகொண்டு தல்மூத்துக்கு வரிக்கு வரி உரை சொன்னவர். அச்சிட்ட தல்மூத்தில் மூலம் நடுவில் நிற்கும். புத்தக முதுகை ஒட்டிய பக்கம் ராஷி, வெளியோரம் ‘தோஸஃபோத்’ எனும் பிற்கால உரை. வெனிஸில் பொம்பெர்க் 1520களில் அச்சிட்டு நிலைநிறுத்திய அமைப்பு இது. வில்னா நகரின் ‘ரோம்’ (Romm) குடும்ப அச்சகம் 1880களில் இதையே பெரிய ஃபோலியோ தாளில் கொண்டுவந்தது. அந்தத் தாளை ஒன்பது அங்குலத்துக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளை ஸ்கேனில் எழுத்தின் வயிற்றை எல்லாம் மையால் அடைத்து, முதுகில் தடிமனாகப் பசை தடவினால் முதல் பலி உள் ஓரம்தான். ராஷியின் துணையில்லாமல் தல்மூத்தைத் தொடங்குவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. புத்தகம் விற்பவர் அட்டைப் படத்தை நான்கு கோணத்தில் காட்டுகிறார்; உள்பக்கம் ஒன்றை அளவுகோல் வைத்துப் படமெடுத்துக் காட்ட மட்டும் அவருக்குக் கை வருவதில்லை. புடவைக் கடையில்கூட முந்தானையை விரித்துக் காட்டுகிறார்களே!

உங்கள் விஷயத்தில் தவறு விற்றவருடையது. இந்தியத் தளத்தில் வாங்கியிருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘முழு அளவு’ என்ற விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். அவர்கள் மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: புத்தகத்தின் முன் அட்டை பின்னால் இருக்கிறது. தலைப்புப் பக்கமும் கடைசியில். மாற்றித் தருவார்களா?
— வாசகர், திருச்சி

பதில்: எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. புத்தகத்தைத் திருப்பிப் பிடியுங்கள்.

(சிரிக்க எனக்கு உரிமையில்லை. கொச்சி யூதர்களின் வழிபாட்டு முறைக்காக 18ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பிரார்த்தனை நூலின் மறுபதிப்பு என்று நான் ஆசையாக வாங்கியது, ஆங்கிலப் புத்தகம் போல இடப்பக்கம் பைண்டிங் செய்யப்பட்டு வந்தது. அடுத்த பக்கம் வேண்டுமென்றால் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். அச்சகத்துக்கு எழுதினேன். ‘எங்கள் இயந்திரம் அப்படித்தான்’ என்று பதில் வந்தது.)

கேள்வி: ‘கி.பி. 640ஆம் ஆண்டின் அரிய நூல், மறுபதிப்பு’ என்கிறார்கள். 60 டாலர். வாங்கலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: 640இல் ஐரோப்பாவில் அச்சகமே கிடையாது ஐயா. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பும் உண்டு. தலைப்புப் பக்கத்தில் தாவ், ரேஷ், மேம் என்ற எழுத்துகள் இருந்திருக்கும்: 400, 200, 40. யூத ஆண்டான 5640இல் ஐயாயிரத்தை விட்டுவிட்டு எழுதும் வழக்கம் அது. 1240ஐக் கூட்டுங்கள், 1880. இந்தக் கணக்கே தெரியாதவரிடம் எதற்கு 60 டாலர்?

கேள்வி: என் பிரதியில் ‘ஆம்ஸ்டர்டாம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நண்பர் அது ஜெர்மனியில் அச்சானது என்கிறார். மறுபதிப்பாளர் ஏமாற்றிவிட்டாரா?
— நூலகர், சென்னை

பதில்: இவர் அப்பாவி. ஏமாற்றியவர் இறந்து பல தலைமுறையாகிறது. ஆம்ஸ்டர்டாம் அச்செழுத்துக்கு அந்தக் காலத்தில் அத்தனை மதிப்பு. மற்ற ஊர் அச்சகத்தார் ‘ஆம்ஸ்டர்டாம் எழுத்துகளில்’ என்று போடும்போது ‘எழுத்துகளில்’ என்பதைப் பொடியாகவும் ‘ஆம்ஸ்டர்டாம்’ என்பதைப் பெரிதாகவும் போட்டுவிடுவார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், உண்மையான ஊர் எங்காவது ஒடுங்கிக் கிடக்கும்.

கேள்வி: அவசரத்தில் ஆர்டர் செய்துவிட்டேன். இரண்டாம் பாகம் மட்டும் வந்திருக்கிறது. விவரத்தில் ‘பாகம் 2’ என்று இருந்ததாம். 45 டாலர் போனதுதானா?
— வாசகர், கோவை

பதில்: போனதுதான். ‘ஹீப்ரூபுக்ஸ்’ தளத்தில் 60,000க்கும் மேற்பட்ட எபிரேய நூல்கள் இலவச பிடிஎஃப் ஆகக் கிடக்கின்றன. முதலில் அங்கே தேடிப் பார்த்திருந்தால் எத்தனை பாகம் என்பதாவது தெரிந்திருக்கும்.

கேள்வி: ஹைஃபாவில் ஒரு முதியவரைப் பராமரிக்கிறேன். ‘சபா’, அதாவது தாத்தா என்றுதான் அவரை அழைப்பேன். அவர் அப்பா வைத்திருந்த பிரார்த்தனை நூலின் மறுபதிப்பை என் சம்பளத்தில் வரவழைத்தேன். நடுவில் 16 பக்கங்கள் இல்லை. விற்றவர் ‘குப்பையில் போட்டுவிடுங்கள், பணம் தர மாட்டோம்’ என்கிறார்.
— வாசகி, ஹைஃபா

பதில்: குப்பையில் போட வேண்டாம் அம்மா. இறைவன் பெயர் அச்சான தாளை யூதர்கள் எறிவதில்லை. ‘கெனிசா’வில் சேர்த்துவைத்துப் பிறகு புதைப்பார்கள். அக்கம்பக்கத்து ஜெப ஆலயத்தில் அதற்கென ஒரு பெட்டி இருக்கும். அதற்குமுன் விடுபட்ட இடத்தின் இருபுறத்துப் பக்க எண்களும் ஒரே படத்தில் விழும்படி புத்தகத்தை விரித்துப் படமெடுத்து, கார்டு கொடுத்த வங்கியில் ‘பொருள் குறைபாடு’ என்று முறையிடுங்கள். தாமதிக்காதீர்கள், அதற்குக் கெடு உண்டு. அதே பதிப்பு எருசலேமின் தேசிய நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த 16 பக்கங்களை மட்டும் பெரிய தாளில் நகலெடுத்துக் கொடுங்கள். சபாவின் கண்ணுக்கும் அதுதான் வசதி.