வெள்ளை மணல் இல்லாத கரீபியன் தீவு

கேள்வி: கரீபியன் என்றாலே வெள்ளை மணல் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. டொமினிகா தீவில் அதுவே அபூர்வமாமே? அப்புறம் அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

பதில்: நீங்கள் கேட்பது டொமினிகாவைத்தான், டொமினிகன் குடியரசை அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன். குவாதலூப்புக்கும் மார்டினிக்குக்கும் நடுவே சுமார் 750 சதுர கிலோமீட்டரில் கிடக்கும் தீவு. பிரிட்டனிடமிருந்து 1978இல் விடுதலை பெற்ற தனி நாடு.

வெள்ளை மணல் என்பது பெரும்பாலும் பவளமும் சிப்பியும் பொடிந்து சேர்வது. டொமினிகாவோ எரிமலைகள் எழுப்பிய தீவு. கரையெல்லாம் கறுப்பும் சாம்பலுமான மணல். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நாட்டுக்கு எல்லாமே மலைதான். உயர்ந்த சிகரமான மோர்ன் டியாப்ளோட்டின் 1,447 மீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையேறிக் குளிர்ந்து, உட்பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. மேற்குக் கரையில் இருக்கும் தலைநகர் ரோசோவுக்கு அந்த மழையில் ஒரு பங்குதான் மிஞ்சும். பரந்த சமவெளி இல்லாததால் பெரிய கரும்புத் தோட்டங்கள் அங்கே எடுபடவில்லை. பூர்வகுடிகளான கலினாகோ மக்கள் இன்றும் கிழக்குக் கரையில் தங்கள் நிலத்தில் வாழ்கிறார்கள் என்றால், அதற்கும் அந்த மலைகளே பெரிய காரணம்.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த நாட்களில், ரோசோவில் இறங்கிக் 'கொதிக்கும் ஏரி'க்கு நடந்திருக்கிறேன். கடைசிப் பகுதியில் ஒரு மரம்கூடக் கிடையாது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பாறை, காலடியில் சூடான ஓடை, மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை. என் வெள்ளி மோதிரம் அங்கேயே கறுத்துப்போனது. ஏரி ஏறத்தாழ 60 மீட்டர் அகலம். ஆவி விலகும்போதுதான் சாம்பல் நீலத் தண்ணீர் தெரியும். நடுவில் அது தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அடியில் உள்ள பிளவு வழியாக ஏறிவரும் எரிமலை வாயுக்கள்தான் அடுப்பு. சில சமயம் ஏரி வற்றி, மறுபடி நிரம்பியதும் உண்டு.

மேற்குக் கரையில் கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால், எண்ணெய்த் திமிங்கலங்களைக் கரைக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

போவதானால் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் போங்கள், மழை குறைவு. செப்டம்பர் வேண்டவே வேண்டாம். 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல் அந்த நாட்டையே புரட்டிப்போட்டது. ஏரிக்குப் போய்வர ஒரு பகல் முழுக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள். காலுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.