மார்கழியில் விடியும் முன் எழுவது யார்?

கேள்வி: மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் பொங்கல் முடியும் வரை கலகலப்புக்குக் குறைவே இருக்காது. வாசல் நிறையக் கோலம், வைகுண்ட ஏகாதசி, திருவாதிரைக் களி, கூடாரவல்லி, பக்கத்து வீட்டிலிருந்து வரும் கிறிஸ்துமஸ் பலகாரம், பொங்கல் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். இப்போது அந்தக் களை இல்லை. வீட்டுப் பெண்கள் எதற்கெடுத்தாலும் அலுத்துக்கொள்கிறார்கள். மருமகள் வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டாள். இந்தத் தலைமுறைக்கு மரபின் மீது அக்கறை போய்விட்டதா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கும்பகோணம்)

பதில்: தங்கள் கடிதத்தில் பண்டிகைகளின் பெயர்கள் ஒன்று விடாமல் இருக்கின்றன. அவற்றைச் செய்கிறவர்கள் கடைசியில்தான் வருகிறார்கள், அதுவும் அலுத்துக்கொள்கிறவர்களாக. ஆகவே தலைமுறையின் அக்கறை பற்றிய கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, தாங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட அந்த அலுப்பைப் பற்றியே பேசுகிறேன்.

திருவாதிரையை எடுத்துக்கொள்வோம். காலையில் நடராசருக்குப் படைத்த பிறகு தங்கள் இலையில் ஒரு கரண்டி களியும் அதன் அருகே கூட்டும் வந்து விழுகின்றன. அதற்குப் பச்சரிசியை வெறும் வாணலியில் சிவக்க வறுக்க வேண்டும், பாசிப்பருப்பையும் வாசனை வர வறுக்க வேண்டும், ஆறியபின் இரண்டையும் ரவைப் பதத்துக்கு உடைக்க வேண்டும். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக் கொதிக்கவிட்டு, உடைத்ததை ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். கிளறுகிற கையை ஒரு நிமிடம் எடுத்தாலும் அடிபிடித்துவிடும். தேங்காய் துருவி, ஏலம் பொடித்து, நெய்யில் முந்திரி வறுத்துக் கொட்டி இறக்கினால் களி முடிந்தது. கூட்டு இனிமேல்தான். ஏழு காய்க்குக் குறையக் கூடாது என்பதால் ஏழையும் கழுவி, தோல் சீவி, நறுக்கி, எது முதலில் வேகும் எது பின்னால் வேகும் என்று பார்த்துப் போட்டு, புளி கரைத்து, மல்லியும் கடலைப்பருப்பும் மிளகாயும் வறுத்துத் தேங்காயோடு அரைத்துவிட வேண்டும். இவ்வளவும் தாங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்க வேண்டும்; அதற்கு முன்னால் வாசல் தெளித்துக் கோலமும் போட்டாகியிருக்க வேண்டும்.

ஏகாதசி இதைவிடக் கடினம். பகல் முழுவதும் பட்டினி கிடந்து இரவும் கண்விழித்த அதே பெண்மணிதான் மறுநாள் துவாதசியில் விரதம் முடித்து உண்ணும் பாரணைக்கு விடியும் முன் அடுப்பைப் பற்றவைக்கிறார். அகத்திக்கீரையை ஆய்வதென்பது முளைக்கீரையை ஆய்வது போன்றதல்ல. இணுக்கு இணுக்காக இலையை உருவிப் பொடியாக நறுக்க வேண்டும். நெல்லிக்காய்ப் பச்சடியும் சுண்டைக்காயும் அதோடு சேரும். விரதம் இருந்த ஆண்கள் பசியோடு காத்திருக்கிறார்கள், விரதம் இருந்த பெண்கள் பசியோடு சமைக்கிறார்கள். இருவரும் இருந்தது ஒரே விரதம்தான் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

நான் இந்தப் பருவத்தின் மீது கொள்ளை ஆசை கொண்டவன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். தாங்கள் இருக்கும் காவிரிப் படுகையில் இந்தக் கொண்டாட்டங்கள் இப்படிச் செறிந்து வருவதற்கு வயலோடு தொடர்பு உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12 இல் திறந்து ஜனவரி 28 இல் மூடுவது நெடுநாள் வழக்கம். அந்தத் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி நட்ட சம்பா, மார்கழியில் கதிர் பிடித்து நிற்கும். நடவும் களையெடுப்பும் முடிந்து, அறுவடை இன்னும் தொடங்காத இடைவெளி அது. அந்த இடைவெளியில்தான் பஜனையும் பாவைப் பாட்டும் விரதமும் விருந்தும் நிரம்பின. இன்று தங்கள் வீட்டில் அந்த இடைவெளி யாருக்கு இருக்கிறது? மருமகள் வேலைக்குப் போகிறவரா என்று தாங்கள் எழுதவில்லை. போகிறவரானால், டிசம்பர் என்பது அலுவலகங்களில் காலாண்டுக் கணக்கும் நிலுவை வேலைகளும் நெருக்கும் மாதம். போகாதவரானாலும், பள்ளிக் குழந்தைகள் இருந்தால் அரையாண்டுத் தேர்வு மார்கழிப் பிறப்போடு சேர்ந்துகொள்கிறது.

தாங்கள் ஏக்கத்தோடு நினைவுகூரும் அந்த நாட்களில் ஆண்களுக்கும் இந்தப் பருவத்தில் உடலால் செய்யும் வேலை இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது நீலம் கலந்து வீடு முழுவதும் வெள்ளையடித்தவர்கள் ஆண்கள். பரண் மேல் இருந்த பெரிய பாத்திரங்களை இறக்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். கொங்கு நாட்டில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ எல்லாம் தேடிப் பறித்து வந்து வீட்டுக்கும் தொழுவத்துக்கும் வயலுக்கும் காப்புக் கட்டினார்கள். மாட்டைக் குளத்தில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்பு சீவி வண்ணம் பூசி, மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் புதிதாக மாற்றினார்கள். குளிரில் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு ஜால்ராவோடு வீதி பஜனைக்குப் போனவர்களும் அவர்களே.

இவற்றில் எத்தனை இன்று வீட்டில் மிஞ்சியிருக்கின்றன? வெள்ளையடிப்பது கூலிக்கு வரும் பெயிண்டரிடம் போய்விட்டது. நகரத்து வீட்டில் மாடு இல்லை. கரும்பு கடையிலிருந்து வருகிறது, அல்லது ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்போடு வருகிறது. பஜனை ஒலிபெருக்கிக்குள் போய்விட்டது. போகியன்று வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் வேலை போய், டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தும் வழக்கம் மட்டும் பல தெருக்களில் தங்கிவிட்டது. 2018 இல் போகிப் புகைமூட்டத்தால் சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட நேர்ந்தது. ஆண்களின் பங்கு ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியேறிக் கடைக்கும் கூலிக்கும் போய்விட்டது. பெண்களின் பங்கு மட்டும் அதே அடுப்படியிலும் அதே வாசலிலும் அப்படியே நிற்கிறது, அதன் மேல் சம்பள வேலையும் ஏறிக்கொண்டது. தங்கள் வீட்டில் களை குறைந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். என் கணக்கில் காரணம் இதுதான்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுவதாகச் சொல்கிறது. இந்த 97 நிமிடத்தைப் பார்த்து யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அது வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிக் கை வைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களோ 81 பேர். இந்தக் கணக்கு ஆண்டு முழுவதற்கும் எடுத்த சராசரி. பண்டிகை நெருக்கும் மார்கழியிலும் தையிலும் பெண்ணின் பங்கு எந்தப் பக்கம் ஏறும் என்பதைத் தங்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு மறுப்பு எழும்: இப்போதுதான் கேஸ் அடுப்பு, கிரைண்டர், மிக்ஸி எல்லாம் வந்துவிட்டனவே, அந்தக் காலத்துப் பெண்கள் உரலிலும் அம்மியிலும் செய்தார்களே என்பார்கள். உண்மைதான், அரைக்கும் வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்டது. ஆனால் நாளைக்குத் திருவாதிரை என்று நினைவு வைத்திருப்பது, மொச்சை கிடைக்குமா என்று மார்க்கெட்டில் கேட்டு வைப்பது, வெல்லம் தீர்ந்துவிட்டதா என்று டப்பாவைத் திறந்து பார்ப்பது, உருளியைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் துலக்கிவைப்பது, யாருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்று எண்ணிப் பார்ப்பது ஆகியவற்றுக்கு இயந்திரம் இல்லை. அந்த நினைப்பின் பாரம் முழுவதும் ஒருவர் தலையிலேயே இருக்கிறது. மேலும், அந்தக் காலத்து அம்மியில் அரைத்தது ஒரு பெண் அன்று. மாமியார், ஓரகத்தி, நாத்தனார், வாழாவெட்டி என்று மூலையில் தள்ளப்பட்ட அத்தை என நாலு பேர் கை சேர்ந்து நடந்த வேலை இன்று ஒரே ஒருவருக்கு வந்திருக்கிறது.

இதே பக்கத்தில் முன்பு ஒரு மார்கழியில், ஆண்களும் அடுப்படியில் பாதி வேலையை ஏற்க வேண்டும் என்று எழுதியதற்கு, மரபைக் கெடுக்கப் பார்க்கிறேன் என்று கண்டித்து வந்த கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆண் மடி கட்டிக்கொண்டு சமைப்பது நம் வழக்கத்தில் இல்லை என்று அவற்றில் பல வாதாடின. அவற்றை எழுதியவர்களுக்கு நான் அன்று சொன்னதையே மீண்டும் சொல்கிறேன். கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர்கள் யார்? மார்கழி முழுவதும் விடியற்காலையில் எழுந்து நீராடி, விறகடுப்பின் முன் நின்று, பெருமாளுக்கும் சிவனுக்கும் பொங்கல் செய்கிறவர்கள் ஆண்கள். மார்கழி 27 இல், ஆண்டாள் நெய்யும் பாலும் விலக்கிய நோன்பு முடிந்து ‘கூடாரை வெல்லும்’ பாசுரம் பாடும் நாளில், பாலிலே அரிசியைக் குழைய வேகவிட்டு, வெல்லமும் நெய்யும் வார்த்து, கை கடுக்கக் கிளறி அக்காரவடிசில் செய்கிறவர்களும் அவர்களே. நம் கல்யாணப் பந்திக்குச் சமைக்கும் தவசிப்பிள்ளைகளும் ஆண்களே. தெய்வத்துக்கும் ஊருக்கும் செய்யும்போது ஆணின் கைக்கு இருக்கும் தகுதி, வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் எங்கே போகிறது?

ஸ்டிக்கர் கோலத்துக்கு வருகிறேன். எனக்கும் அது பிடிக்காது. அரிசி மாவை இரண்டு விரலுக்கு நடுவே எடுத்து, இழை அறாமல், புள்ளியைத் தொடாமல் வளைத்துக் கொண்டுபோகிற சிக்குக் கோலத்தை ஒட்டுக் காகிதம் ஈடு செய்யாது. பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரை என்று கணக்குப் பிசகாமல் பனியில் குனிந்து போட்டு முடித்து, காவி தீட்டி, நடுவே சாணப் பிள்ளையாரில் பூசணிப்பூ செருகி நிமிரும் பெண்ணின் முகத்தில் நான் கண்டிருக்கும் நிறைவு எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிறைவு, மற்ற வேலை காத்திராத பெண்ணுக்கு வாய்ப்பது. தங்கள் மருமகள் ஸ்டிக்கர் ஒட்டியதில் அக்கறைக் குறைவை நான் காணவில்லை; வாசல் வெறுமையாக இருக்கக் கூடாது என்ற அக்கறையைத்தான் காண்கிறேன். அது இல்லாதவர் வாசலை அப்படியே விட்டிருப்பார். வாசல் தெளிப்பதைத் தங்கள் மகன் எடுத்துக்கொண்டு, காலைச் சிற்றுண்டியைத் தாங்கள் எடுத்துக்கொண்டால், அந்த அரை மணி நேரத்தில் அவர் மாவைக் கையில் எடுப்பாரா இல்லையா என்று பார்த்துவிட்டுப் பிறகு தலைமுறையைப் பற்றிப் பேசலாம்.

தாங்கள் குறிப்பிட்ட பக்கத்து வீட்டுப் பலகாரமும் வானத்திலிருந்து வருவதில்லை. அச்சு முறுக்குக்கு அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் விளிம்பு மூழ்காமல் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி, முறுக்கு கழன்று விழும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் கொடுக்கும் அளவுக்கு அப்படி ஒவ்வொன்றாகச் சுட்டெடுப்பதற்கு ஒருவர் எத்தனை நேரம் அடுப்பருகே நிற்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். தெய்வம் மாறுகிறது, அடுப்பருகே நிற்பவர் மாறுவதில்லை.

இந்தப் பருவத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான வழக்கம் நெல்லைச் சீமையின் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழியில் வாசலில் வைத்த பூக்களைச் சாணத்தோடு தட்டிக் காயவைத்துப் பெண் குழந்தைகள் சேர்த்து வைப்பார்கள். மண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டி, தையில் அதன் முன்னே அவர்களே பொங்கலிட்டு, பிறகு அந்தப் பூத்தட்டுகளை ஆற்றில் விடுவார்கள். அங்கே வீடு கட்டிக் கொடுப்பதற்கும் ஆற்றுக்குக் கூட்டிப் போவதற்கும் பெரியவர்கள் உடன் நிற்கிறார்கள். குழந்தைக்கு அந்த வேலை விளையாட்டாக இருக்கிறது, ஏனெனில் அது தனியாக விடப்படவில்லை.

மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி வரும் திருவாதிரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஏழு காயையும் தாங்களே வாங்கி வாருங்கள்: பூசணி, பரங்கி, அவரை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, மொச்சை. சேனை கை அரிக்கும், நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மொச்சையைத் தோலோடு வாங்கினால் உரிப்பதற்கு வெகு நேரம் பிடிக்கும்; ஆகையால் முதல் நாள் மாலையே மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தொடங்கிவிடுங்கள்.