அரிமா நோக்கு

கேள்வி: அரிமா சங்கத்தில் உறுப்பினராகச் சேரும்படி நண்பர் ஒருவர் ஆறு மாதமாக நச்சரிக்கிறார். சேரலாமா? சேர்ந்தால் என்ன பயன்?
– வாசகர் ஒருவர், தாராபுரம்

பதில்: 'லயன்ஸ் கிளப்' என்று எழுதாமல் 'அரிமா' என்று எழுதினீர்களே, அதற்கு முதலில் ஒரு கும்பிடு. 'அரிமாச் சங்கம்' என்று ஒற்றுப் போட வேண்டும் எனப் பதினோரு வருடமாக எனக்குக் கார்டு போடும் புலவர் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார். மை தீரட்டும்.

சூத்திரங்கள் அமையும் முறை நான்கு என்கிறது நன்னூல்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. பவணந்தியார் இதை ஏதோ ஒரு சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்துதான் எழுதினாரோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். சந்தா கட்டி, கூட்டத்துக்கு வந்து, சத்தமில்லாமல் வீடு திரும்புகிறவர் ஆற்றொழுக்கு. முன்னால் கேமராவையும் பின்னால் பந்தியையும் ஒரே நேரத்தில் கவனிப்பவர் அரிமா நோக்கு. போன வருடம் அரிமா, இந்த வருடம் ரோட்டரி, அடுத்த வருடம் ஜேசீஸ் என்றால் தவளை. வருடம் முழுக்கத் தலைகாட்டாமல், பதவியேற்பு விழாவன்று பொன்னாடைக்கு மட்டும் இறங்குகிறவர் பருந்து. (பொன்னாடைக்குப் பதில் ஈரிழைத் துண்டு போர்த்துங்கள், தலை துவட்டவாவது ஆகும் என்று இதே பக்கத்தில் எழுதினேன். அதிலிருந்து இரண்டு சங்கங்கள் என்னைக் கூப்பிடுவதில்லை.)

நண்பர் நச்சரிப்பதில் வியப்பில்லை. 1917ல் சிகாகோவில் இந்தச் சங்கத்துக்கு வித்திட்ட மெல்வின் ஜோன்ஸ் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். தொழில்புத்தி லேசில் போகுமா?

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொருவர் நினைவு வருகிறது. பென்சில்வேனியாவில் மீட்வில் என்ற ஊர். அங்கே 1868ல் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக் தொழிலாளர்களுக்காக ஒரு சகோதர சங்கம் ஆரம்பித்தார். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு அவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். நம்மூர் மொய்தான், மைக்கில் பெயர் வாசிக்காத மொய். இதைப் பார்த்து அந்த நாட்டில் ஏகப்பட்ட சங்கங்கள் முளைத்தன. ஆனால் உறுப்பினர்களுக்கு வயது ஏற ஏறச் சாவு கூடியது. சாவு கூடக் கூட டாலரும் அடிக்கடி கேட்டது. இளவட்டம் எதற்கு வந்து சேரும்? சேராவிட்டால் இருக்கிறவர்கள் தலையில் பாரம் இன்னும் ஏறும். ஆமாம், உங்கள் நண்பருக்கு என்ன வயது?

பயன் கேட்டீர்கள். 1925ல் ஒஹாயோவில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று அரிமாக்களைக் கேட்டுக்கொண்டார். நம்மூர் பள்ளிக்கூட வாசலில் கண் சிகிச்சை முகாம் என்று துணி பேனர் தொங்குகிறதே, அந்தக் கதை அங்கே தொடங்குகிறது. ஒரு பெண் கேட்டதை இத்தனை காலம் செய்தவர்கள், பெண்களை உறுப்பினராக்க விதியைத் திருத்தியது 1987ல்தான்! முன்னும் பின்னும் பார்க்கிற சிங்கம், பக்கத்தில் நிற்பவளைப் பார்க்க எழுபது வருடம்.

சேருங்கள். முகாமன்று காலை ஆறு மணிக்கே வந்து, வரிசையில் குந்தியிருக்கும் பாட்டிகளுக்கு டீ ஊற்றுகிற ஆள் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். போட்டோவில் இருக்க மாட்டார். அவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். டம்ளர் கழுவ ஆள் போதாமல் தவித்துக்கொண்டிருப்பார்.