புது நாக் சென்சார் போட்டும் இழுவை இல்லையா?

எரிபொருள் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சாரை மாற்றிய பிறகும் பி0325 (P0325) என்ற பழுதுக் கோடு திரும்ப வருகிறது, ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்கிறீர்கள். அந்தக் கோடு இன்ஜின் தட்டுகிறது என்று சொல்லவில்லை. சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்கிறது. சிக்னலை நம்ப முடியாதபோது ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) பாதுகாப்புக்காக டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, பின்தள்ளியே வைத்திருக்கும். இழுவை போவது அதனால்தான். சிக்னல் சரியாக இருந்தால், தட்டும்போது மட்டும் சில டிகிரி பின்தள்ளிவிட்டு, அப்புறம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

முதலில் கனெக்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, ஒயர் எங்காவது உரசி அறுந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து போல்ட். நடுவில் ஓட்டையுள்ள வட்ட சென்சார் என்றால் போல்ட்டை முறுக்க வேண்டிய அளவு பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சென்சாருக்குள் இருக்கும் பீசோ படிகம் (அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது) இன்ஜின் பிளாக்கின் அதிர்வை நேரடியாக வாங்க வேண்டும். அடியில் வாஷரோ துருவோ பெயின்டோ இருந்தால் புது சென்சாரும் செவிடுதான்.