கேம் தீவின் பரப்பளவை அளப்பது எப்படி?

கேள்வி: கேம் ஒன்றின் வரைபடத்தில் பெரிய தீவு இருக்கிறது. அது எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தளவு வரும் என்கிறான் தம்பி. எப்படி அளந்து பார்ப்பது? – வாசகர், விசுவமடு

பதில்: முதலில் அளவுத்திட்டம். கேம் ஆள்கூறுகளை மீற்றரில் காட்டினால் வேலை சுலபம். ஒரே கிழக்கு மேற்குக் கோட்டில் உள்ள இரண்டு கோபுரங்களுக்கு இடையே 2,400 மீற்றர், வரைபடத்தைப் பிடித்த படத்தில் 600 பிக்சல் (படத்தை ஆக்கும் மிகச்சிறிய சதுரப் புள்ளி) என்று வையுங்கள். ஒரு பிக்சலின் பக்கம் 4 மீற்றர், பரப்பு 16 சதுர மீற்றர். பலர் வர்க்கமாக்க மறந்து 4 ஆலேயே பெருக்கிவிடுகிறார்கள், விடை கால்வாசியாகிவிடும். வடக்கு தெற்காகவும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் படம் இழுபட்டிருக்கிறது.

பிறகு ஜிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, மந்திரக்கோல் கருவியால் கடலைத் தெரிவுசெய்து, தெரிவைத் தலைகீழாக்குங்கள், அப்போது நிலம் தெரிவாகும். வேறு தீவுகளும் சேர்ந்து வந்தால் கழித்துவிடுங்கள். ஹிஸ்டோகிராம் பலகத்தில் பிக்சல் எண்ணிக்கை தெரியும். விளிம்பை மென்மையாக்கும் தெரிவுகளை முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும். ஜேபெக் படம் வேண்டாம், கரையோர நிறங்கள் கலங்கிவிடும், பிஎன்ஜி எடுங்கள். கடல்மேல் எழுதிய ஊர்ப்பெயர்களும் நிலமாக எண்ணப்படும், அவற்றை நீல நிறத்தால் அழியுங்கள்.

எண்ணிக்கையை 16 ஆல் பெருக்குங்கள். 12,50,000 பிக்சல் வந்தால் 20 சதுர கிலோமீற்றர். முல்லைத்தீவு மாவட்டமோ உள்நாட்டு நீர்நிலைகளோடு 2,617, நிலம் மட்டும் 2,415. ஆகவே தீவின் ஏரிகளைச் சேர்ப்பதா விடுவதா என்று தம்பியோடு முதலே பேசி முடிவெடுங்கள்.