கடைசியாக முழுசாகப் படித்தது எது?
புத்தகக் கடைக்காரர் பதில்கள்

கேள்வி: பேத்திக்கு மூன்றரை வயது. வாங்கிக் கொடுக்கிற புத்தகத்தை எல்லாம் கிழித்துவிடுகிறாள். இரண்டு வருஷம் போகட்டும் என்கிறான் மகன். சரியா?
- வாசகி, தாராபுரம்

பதில்: தள்ளிப் போடாதீர்கள் அம்மா. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றிரண்டை அவள் கையிலேயே விட்டுவிடுங்கள், கடித்தாலும் தாங்கும். மெல்லிய தாள் புத்தகத்தை மட்டும் அவளை மடியில் உட்கார வைத்து நீங்கள் புரட்டுங்கள். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் படப் புத்தகங்களைத் தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பதிப்பாகவும் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு, ஒரு பக்கம் கிழிந்தாலும் மனசு அடித்துக்கொள்ளாது. அப்புறம் அழ. வள்ளியப்பாவின் பாடல் தொகுப்பு 'மலரும் உள்ளம்'. இதை உங்களுக்காக வாங்கிக்கொள்ளுங்கள், சோறு ஊட்டும்போது நீங்கள் பாடத்தான். பாட்டு காதில் ஏறிவிட்டால் அந்தப் புத்தகத்தை அவளே தேடி எடுத்துக்கொண்டு வருவாள்.

கேள்வி: மகன் நான்காம் வகுப்பு, ஆங்கில மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான், இரண்டு வரியில் மூடி வைத்துவிடுகிறான். 9 வயதுக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகங்களைச் சொல்லுங்கள்.
- வாசகர், திருப்பூர்

பதில்: கடைக்கு வருகிறவர்கள் முதலில் வயதைத்தான் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அவன் கடைசியாக முழுசாகப் படித்த புத்தகம் எது? எந்த மொழியாக இருந்தாலும் சரி, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. அதற்குப் பதில் கிடைத்தால் அடுத்த புத்தகத்தை எடுத்துத் தருவது பெரிய வேலையே இல்லை.

உங்கள் மகனுக்கு எழுத்து ஆறு வயதுக்காரனுடையது, புத்தி ஒன்பது வயதுக்காரனுடையது. 'அணில், ஆடு' புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக இருக்கும், ஒன்பது வயதுக்கானதைக் கொடுத்தால் மூச்சு வாங்கும். இந்த இடைவெளியைக் கடக்க எனக்குத் தெரிந்து காமிக்ஸை விட நல்ல வழி இல்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் 1984-இல் தொடங்கி இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. அதில் லக்கி லூக் என்ற கௌபாயும் அவன் குதிரையும் வரும் கதை ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுங்கள். ஒரு பலூனுக்குள் சில வார்த்தைகள்தான், அதுவும் பேசுகிற தமிழ், மீதிக் கதையைப் படமே சொல்லிவிடும். குதிரை என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமே, அதற்காகவாவது எழுத்தைக் கூட்டுவான். காமிக்ஸ் எல்லாம் படிப்பா என்று வீட்டில் யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கூடவே, பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நிலையில் ஆரம்பியுங்கள், ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன் என்று சத்தமாக. திணறினால் அந்த வார்த்தையை நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். முடிந்ததும் 'இந்தக் கதையின் கருத்து என்ன' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்த ஒரு கேள்வி புத்தகத்தைப் பாடப் புத்தகம் ஆக்கிவிடும்.

பழகிய பிறகு ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்'. மூன்றுமே சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியவை (2014, 2023, 2024). இந்த விருதுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் திணறாமல் வாங்கலாம். 2020-இல் அதே விருது பெற்ற, யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தொடக்கூடாத இடத்தில் யாராவது தொட்டால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்று ஒரு மரப்பாச்சி பொம்மையை வைத்தே பேசுகிற புத்தகம் அது, உங்கள் மகனும் படிக்க வேண்டியது.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் ஒரு சின்னப் புத்தக அலமாரி வைக்க 3,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். என்ன வாங்கலாம்?
- வாசகி, உடுமலை

பதில்: தடிமனான புத்தகம் வேண்டவே வேண்டாம், டீச்சர். பின் அடித்த மெல்லிய புத்தகங்களாக நிறைய வாங்குங்கள், ஒரே பீரியடில் ஒருத்தி முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கிற மாதிரி. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் இரண்டிலும் இந்த அளவில் நிறையவே உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழுக்குச் சந்தா கட்டிவிட்டால் மாதாமாதம் அலமாரிக்குப் புதுசாக ஒன்று வரும். அலமாரிக்குப் பூட்டுப் போடாதீர்கள். தொலைந்தால் தொலையட்டும், ஏதோ ஒரு வீட்டில்தான் இருக்கும்.

உங்களுக்கென்று ஒன்றே ஒன்று: 'டோட்டோ-சான்'. ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருந்த டோக்கியோ பள்ளியில், முதல் நாள் வந்த சிறுமி பேசப் பேச நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாரே கோபயாஷி என்ற தலைமை ஆசிரியர், அவருக்காகவே படியுங்கள்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன். முதல் பாகத்தில் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. என் அம்மாவும் நானும் அந்த வயதில் விழுந்து விழுந்து படித்த கதை. இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே இல்லையா?
- வாசகி, ஈரோடு

பதில்: பொறுமை இருக்கிறது. அந்தக் கதை 1950-இலிருந்து 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. வீடே அடுத்த இதழுக்குக் காத்திருந்து, அடுத்து என்ன ஆகும் என்று திண்ணையில் சண்டை போட்டுக்கொண்டு படித்தது. உங்கள் மகள் கையில் மொத்தமாக ஐந்து பாகத்தையும் அடுக்கிவிட்டு அதே ஆசை வரவேண்டும் என்றால் எப்படி வரும்? ஐந்தையும் மேலே எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து அவளே இறக்குவாள், இறக்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒரே இரவில் முடிகிற புத்தகம். பூமணியின் 'வெக்கை' சின்ன நாவல். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற பதினைந்து வயதுப் பையனின் கதை. ரத்தம் இருக்கிறதே என்று நீங்கள் தயங்கலாம். ஆனால் அவள் போனில் பார்க்கும் ரத்தத்துக்குப் பின்னால் இப்படி ஒரு அப்பாவும் பிள்ளையும் இல்லை. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது, ஊர்ப் பேச்சிலேயே எழுதிய தன் கதை. பள்ளிக்கூடத்தில் சாதி எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்தப் பாடமும் அவளுக்கு இவ்வளவு நேராகச் சொல்லாது.

நாவலே வேண்டாம் என்றால் சிறுகதை. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' ஒன்றை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ரயிலில் அப்பாவோடு வரும் சின்னப் பையன், கையில் ஓர் ஆரஞ்சுப் பழம், எதிரே கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு சிறுமி. அவ்வளவுதான் கதை. படித்து முடித்ததும் உங்களிடம் வந்து பேசுவாள் பாருங்கள்.

கேள்வி: பிறந்தநாளுக்குப் புத்தகம் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்களே?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: விலையைப் பார்க்கிறவர்கள் எதைக் கொடுத்தாலும் பார்ப்பார்கள். முதல் பக்கத்தில் பெயர் எழுதிக் கொடுங்கள், அது முக்கியம். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில் மற்ற பிள்ளைகளுக்கு டைரி கிடைக்க, தனக்குக் கிடைக்காத ஒரு சிறுவன் தானே ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்லி நீட்டுவான். அதைப் படித்தவர்கள் பெயர் எழுதாமல் புத்தகம் கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் சின்ன எழுத்து தெரியவில்லை என்று படிப்பதையே விட்டுவிட்டார். நன்றாகப் படித்த மனிதர்.
- வாசகர், கோவை

பதில்: முதலில் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, படிக்கிற கண்ணாடி சரியா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் கடைக்கு அவரையே அழைத்து வாருங்கள். ஒரே நூலின் வேறு வேறு பதிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் புரட்டினால் எழுத்து அளவு, வரிகளுக்கு நடுவே விட்ட இடம், தாளின் பளபளப்பு எல்லாம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும், அது போனில் தெரியாது. தடித்த ஒட்டு பைண்டிங் புத்தகத்தை விரித்துப் பிடிக்கவே வயதான கைக்குச் சிரமம். தையல் போட்டதாக, மடியில் விரித்தால் விரிந்தபடி கிடப்பதாகப் பாருங்கள்.

புத்தகம் என்று கேட்டால் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் 1940-இலிருந்து தொடராக வந்தது, அதனால் சின்னச் சின்ன அத்தியாயங்கள், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போகும். கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் 'என்னென்ன படித்திருக்கிறீர்கள்' என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போக, அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 'சீவக சிந்தாமணி' படித்ததுண்டா என்று கேட்கும் இடம் வரை வந்துவிட்டால், அப்புறம் அப்பா விடமாட்டார். பழைய நூல்களை மதுரைத் திட்டம் 1998-இலிருந்து இணையத்தில் இலவசமாகவே சேர்த்துவருகிறது, டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம். எனக்கு அதில் வியாபாரம் இல்லை, ஆனால் அவர் படிப்பதுதான் முக்கியம்.

கேள்வி: ஆன்லைனில் தள்ளுபடியில் கிடைக்கும்போது உங்கள் கடையில் ஏன் வாங்க வேண்டும்?
- வாசகர், ஊர் எழுதவில்லை

பதில்: பெயர் தெரிந்த புத்தகம், அவசரமில்லை, தள்ளுபடி வேண்டும் என்றால் தாராளமாக ஆன்லைனில் வாங்குங்கள். சென்னைப் புத்தகக் காட்சியிலும் 10 சதவீதம் கழிவு கிடைக்கும். எது வேண்டும் என்றே தெரியாதபோது வாருங்கள். மேலே சொன்னவற்றில் பாதி, யாரோ ஒருவர் கடையில் நின்று நான்கு பக்கம் படித்துவிட்டு 'இது வேண்டாம், வேறு' என்று சொன்னதால் நான் தெரிந்துகொண்டவை. முதல் அத்தியாயத்தை நின்றே படிக்கலாம், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தும் படிக்கலாம். பிடிக்காவிட்டால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கடை மூடியிருக்கும்.