பூட்டி வைத்த மர அலுமாரியின் கதவு ஏன் இறுகிப்போகிறது?

நுவரெலியா, ஹட்டன் பக்கம் வீடு மாறும்போது சில மாதம் அறையில் பூட்டி வைத்த அலுமாரியின் கதவு அப்புறம் சரியாக மூடாது. மரம் ஊதிவிட்டது என்பார்கள். அதாவது, மர நார்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்ச, பலகை அகலவாட்டில் விரிகிறது. நீளவாட்டில் மாற்றம் மிகச் சொற்பம். திறந்து வைத்த பிஸ்கட் நமத்துப்போவது போலத்தான். மழையும் மூடுபனியுமான மலையகத்தில் காற்றோட்டம் முக்கியம். கால்களுக்கடியில் கட்டை வைத்து, சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: ஊதினால் காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது.

பொலித்தீன் சுற்றினால் ஈரம் அண்டாது என்று பலர் நம்புகிறார்கள். லொறியில் போகும்போது மழைக்கு அது நல்லதுதான், மாதக்கணக்கில் சுற்றியே வைத்தால் உள்ளே அகப்பட்ட ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.